புருல் சொன்ன நேரம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், புருலுக்கு வலது தோள் வலிக்கத் தொடங்கிவிடும். மருத்துவர் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை, உட்கார்ந்தே வேலை செய்கிறவர்களுக்கு வருவதுதான் என்று தைலம் எழுதிக் கொடுத்தார். வருடம் முழுக்க உட்கார்ந்துதான் வேலை செய்கிறாள், ஏப்ரலில் மட்டும் ஏன் வலிக்கிறது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். ஏப்ரல் கடைசியில்தான் பிஷ்கெக்கின் கிழக்குப் பகுதிப் பள்ளிகளுக்கு முதல் வகுப்புச் சேர்க்கை. அது நடக்கும் இணையதளத்தின் சர்வரைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

வயது நாற்பத்தொன்பது. கணக்குப் படித்தவள். படித்து முடித்த வருடம், வேலை தருவதாகச் சொன்ன தொழிற்சாலை கதவைச் சாத்திக்கொண்டது. ஆறு வருடம் சந்தையில் காலுறை விற்றாள். பிறகு ஓர் இன்டர்நெட் கடையில் கல்லாவில் உட்கார்ந்தாள். அங்கே கணினி நின்றுபோனால் பழுது பார்க்கிறவன் வர மூன்று நாளாகும். அதுவரை திட்டு வாங்குவது கல்லாவில் இருப்பவள். வாங்கி வாங்கிச் சலித்துப்போய்த் தானே பெட்டியைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். அவள் கற்றுக்கொண்டதெல்லாம் இப்படித்தான், ஆசையில் இல்லை, அலுப்பில். அந்தக் கடையில் நேரம் முடிந்தும் எழுந்திருக்காமல் விளையாட்டில் மூழ்கிக் கிடந்த எர்மெக்தான் இன்று அவளுக்கு முதலாளி. எட்டு வயது இளையவன். நல்லவன், தாராள மனசுக்காரன். அந்தத் தாராளம்தான் அவளுக்குத் தலைவலி.

வீட்டில் மூன்று பேர். புருலின் கணவன் விவாகரத்து வாங்கிக்கொண்டு போய் வெகு காலமாகிவிட்டது. தங்கை நுர்ஜமாலின் கணவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனான், அவ்வளவுதான். நுர்ஜமால் ஒரு தையல் பட்டறையில் வேலை செய்கிறாள். காலை ஏழரைக்கு உள்ளே போனால் போனை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுவிட வேண்டும், பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்குத்தான் அது கைக்கு வரும். அவள் மகள் பெர்மெட்டுக்கு ஆறு முடிந்து ஏழு நடக்கிறது.

சமையலறை ஜன்னலில் நின்றால் முற்றத்துக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் தெரியும். பெர்மெட் அந்த மணிச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள். அங்கே இடம் கிடைத்தால் குழந்தை தானே நடந்து போய்விடும், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடும். கிடைக்காவிட்டால் ஊர்க்கோடியில் புதிதாக எழும்பிய குடியிருப்பில் ஒரு பள்ளி, மார்ஷ்ருத்கா என்னும் மினிபஸ் இரண்டு மாறிப் போக வேண்டும், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நுர்ஜமால் அதற்கு அலைந்தால் பட்டறையில் அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். இந்த வருடம் பெர்மெட்டின் முறை. ஆகவே இந்த வருடம் தோள்வலி மார்ச்சிலேயே வந்துவிட்டது.

ஒவ்வொரு வருடமும் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். சேர்க்கை காலை பத்து மணிக்குத் திறக்கும். பத்து அடித்ததும் நாலாயிரம் அம்மாக்கள் ஒன்றாக அழுத்துவார்கள். பத்து ஒன்றுக்குத் தளம் விழும். விழுந்தால் பன்னிரண்டு வரை எழுந்திருக்காது. தளத்தின் அடியில், உதவிக்கு என்று போட்டு, யாரோ புண்ணியவான் புருலின் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தான். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் கேட்காத வசவு கிர்கிஸ் மொழியில் மிச்சமில்லை, ரஷ்ய மொழியிலும் சொற்பமே மிச்சம்.

விழுவதற்குக் காரணம் சின்னது. படம், முகவரி, பள்ளிப் பட்டியல் இவையெல்லாம் சுட்டு அடுக்கி வைத்த ரொட்டி மாதிரி, கேட்டால் எடுத்து நீட்டினால் போதும். 'இந்தப் பள்ளியில் இப்போது எத்தனை இடம் மிச்சம்' என்பது அப்படியில்லை. கேட்கிற ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் கணக்கிட்டு, பக்கத்தை அப்போதுதான் செய்து தர வேண்டும். அதற்கென்று சர்வருக்குள் வேலையாட்கள் உண்டு. ஆட்கள் என்றால் நிரல்தான், ஆனால் ஒவ்வொன்றும் நினைவகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். புருலின் சர்வரில் தொண்ணூறு பேர் நிற்கலாம். அதற்கு மேல் போனால் சர்வர் நினைவகத்தில் இருப்பதை எல்லாம் வன்வட்டில் எழுதி எழுதி எடுக்க ஆரம்பிக்கும், ஒருவராலும் வேலை செய்ய முடியாது. எர்மெக் அங்கே நானூறு என்று எழுதி வைத்திருந்தான். முதலில் நூறு. விழுந்தது. நூற்றைம்பது ஆக்கினான். விழுந்தது. இருநூறு, முந்நூறு. ஒவ்வொரு வருடமும் அவளும் சொல்லிப் பார்த்தாள்.

"தம்பி, ஆள கொறச்சா வேகமா ஓடும். மிச்ச பேரு வாசல்ல ரெண்டு செகண்டு நிக்கட்டும்."

"வாசல்லயா? அக்கா, நாம கிர்கிஸ்காரங்க. வந்த விருந்தாளிய வெளிய நிறுத்திட்டு உள்ள சாப்பிட்டுட்டு இருப்போமா? உங்கப்பா வீட்ல அப்படித்தான் பண்ணாங்களா?"

"எங்கப்பா வீட்ல நாலாயிரம் பேரு ஒண்ணா வந்ததில்ல."

"வந்திருந்தா நகர்ந்து உக்காந்து இடம் குடுத்திருப்பாரு. நீங்க இன்னும் நூறு போடுங்க."

இந்த ஊரில் விருந்து என்றால் அப்படித்தான். எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் இருபது பேர் முழங்கால் இடிக்க உட்கார்வார்கள், இருபத்தோராவது ஆள் வந்தால் 'உள்ள வாங்க' என்று இன்னும் நெருக்குவார்கள். மனிதனுக்கு அது அழகு. சர்வருக்கு அது சாவு. எர்மெக்கின் தலையில் இதை மட்டும் ஏற்ற முடியவில்லை.

சொந்தக்காரர்களின் தொல்லை தனி. வருடா வருடம் யார் வீட்டிலாவது ஒரு பிள்ளை ஏழு வயதைத் தொடும், உடனே போன் வரும். "நீதானே மெஷின் பக்கத்துல உக்காந்திருக்க. நம்ம புள்ள பேர முன்னாடி தள்ளிவிட்டா கொறஞ்சா போயிடுவ?" புருல் பதினொரு வருடத்தில் ஒரு பெயரைக்கூடத் தள்ளியதில்லை. பெயர்கள் இருக்கும் பட்டியலைத் தேவையில்லாமல் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால் சித்தப்பா மகன் இரண்டு விருந்துகளுக்கு அவளை அழைக்கவில்லை. அவளும் மனிதப் பிறவிதானே. வெறுங்கையோடு அனுப்ப மனசில்லாமல் ஒருநாள் ஒரு யோசனை சொன்னாள். "பத்து மணிக்கு அழுத்தாதீங்க, எப்படியும் விழும். டீ குடிச்சிட்டு, வேலையெல்லாம் முடிச்சிட்டு பன்னெண்டுக்குப் போங்க. அப்பத்தான் எழுப்பிவிட்டிருப்பேன். கூட்டமே இருக்காது."

அது பலித்தது. சித்தப்பா மகனின் பையனுக்கே அப்படித்தான் இடம் கிடைத்தது. அதன்பிறகு அது குடும்பத்துக்குள் 'புருல் சொன்ன நேரம்' ஆகிவிட்டது. மாடிக்கு மாடி பரவியது, கட்டடத்துப் பெண்களின் வாட்ஸாப் குழுவில் ஏறியது. சர்வர் விழுவதை நம்பி ஒரு பழக்கமே உருவாகிவிட்டது.

மார்ச்சில் எர்மெக் மாமனார் வீட்டு விருந்துக்காக நாரின் ஊருக்குப் போனான். எட்டு நாள். போன மறுநாளே புருல் நானூறை அழித்தாள். ஓர் ஆள் எவ்வளவு நினைவகம் தின்கிறான் என்று இரண்டு நாள் அளந்தாள். மொத்தத்தில் தரவுத்தளத்துக்கு வேண்டியதைக் கழித்து, மிச்சத்தை வகுத்து, தொண்ணூறு என்று எழுதினாள். ஐந்நூறு வேலை முடித்த ஆளை அனுப்பிவிட்டுப் புதியவனை நிறுத்தும்படி செய்தாள், பழைய ஆள் வர வரப் பருத்துக்கொண்டே போவான். ஆட்கள் ஒவ்வொரு முறையும் நிரலை முதல் வரியிலிருந்து படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை படித்ததை மனசில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்தாள். பக்கத்தைப் பார்த்து முடித்தவரின் இணைப்பை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து வைத்திருந்த சர்வர், இனி இரண்டு விநாடியில் விட்டுவிடும். மிச்ச இடங்களை ஆளுக்கு ஒரு தரம் எண்ணாமல், மூன்று விநாடிக்கு ஒரு தரம் எண்ணி எல்லாருக்கும் காட்டும். சாப்பாட்டு நேரத்தில் மேசையிலேயே சம்சாவைத் தின்றுகொண்டு, மூன்று பழைய கணினிகளிலிருந்து நாலாயிரம் பொய் அம்மாக்களை அனுப்பிப் பார்த்தாள். சர்வர் அசையவில்லை. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முன்பே செய்திருக்கலாமே, இத்தனை வருடம் ஏன் திட்டு வாங்கினோம் என்றுதான் வந்தது.

எர்மெக் திரும்பி வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தொண்ணூறா? நானூறுக்கே தாங்கல, தொண்ணூறுக்கா தாங்கும்? என்னக்கா இது!"

"விழுந்தா என்ன வீட்டுக்கு அனுப்பிடு. நிஜமாத்தான் சொல்றேன். எனக்கும் முடியல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தொண்ணூறைத் தொடவில்லை.

சேர்க்கைக்கு முந்தின நாள் சாயங்காலம், கிழங்கு நறுக்கிக்கொண்டே புருல் தங்கையிடம் சொன்னாள்.

"நாளைக்குப் பத்துக்கே அழுத்திடு. இந்த வருஷம் விழாது."

"சரிக்கா."

"சரின்னு சும்மா சொல்லாத. மேஸ்திரிகிட்ட கேட்டுக் கால் மணி நேரம் வெளிய வா. நான் போட முடியாது, ரகசிய எண் ஒன் போனுக்குத்தான் வரும்."

"வரேன்னு சொல்றேன்ல." நுர்ஜமால் சிரித்தாள். "போன வருஷமும் விழாதுன்னுதான் சொன்ன. அதுக்கு முந்தின வருஷமும் சொன்ன. பத்து அஞ்சுக்கு மூணாவது மாடிக்காரி ஒன்னத் திட்டின திட்டு, எனக்கே காது கூசிச்சு."

"அது வேற. இப்ப வேற."

"சரி சரி, கிழங்கப் பாத்து நறுக்கு, வெரல நறுக்கிக்காத."

புருல் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். பொய் அம்மாக்களை அனுப்பிப் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். தோள் வலித்தது. விளக்கப் புகுந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று மலைப்பாக இருந்தது. கிழங்கைச் சட்டியில் கொட்டினாள்.

மறுநாள் பத்து மணிக்கு எர்மெக் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். திரையில் கூட்டத்தைக் காட்டும் கோடு சுவர் மாதிரி எழும்பியது. தொண்ணூறு பேரும் வேலையில் இறங்கினார்கள். வாசலில் அறுநூறு பேர், எழுநூறு பேர். பிறகு ஐந்நூறு. பிறகு முந்நூறு. அதிகம் காத்திருந்தவர் இரண்டரை விநாடி காத்திருந்தார். பத்து ஒன்று தாண்டியது. பத்து ஐந்து தாண்டியது.

"அக்கா, ஒங்க போன் செத்துப்போச்சா?"

"இல்ல. யாரும் கூப்பிடல."

"எனக்குப் பயமா இருக்கு."

பத்தேகாலுக்குக் கல்வி அலுவலகத்து அம்மாள் அழைத்தாள். குரலில் ஒரே சந்தேகம். "சைட்டத் தொறந்தீங்களா இல்லையா? யாருமே திட்டலயே?" திறந்தாகிவிட்டது, பாதி முடிந்தும்விட்டது என்றாள் புருல். எர்மெக் ஓடிப்போய் அவளுக்குப் பால் ஊற்றிய தேநீரும் ஒரு தட்டு போர்சோக் பலகாரமும் கொண்டுவந்தான். சேர்க்கை நாளில் பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவள் தேநீரைச் சூடாகக் குடித்தாள். திரையில் பள்ளிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டிருந்தன. முற்றத்துக்கு எதிரே இருக்கும் பள்ளி, நூற்றைந்து இடம், பத்து மணி பதினொரு நிமிடத்துக்கே நிரம்பியிருந்தது. அந்த நூற்றைந்தில் பெர்மெட்டும் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டாள். பெயர்ப் பட்டியலைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை, அது அவள் வழக்கமில்லை.

பன்னிரண்டு மூன்றுக்கு நுர்ஜமால் அழைத்தாள். உற்சாகத்தில் மூச்சு வாங்கியது.

"அக்கா! என்னா வேகம் அக்கா! தொட்டதும் தொறந்துடுச்சு! இத்தன வருஷத்துல இப்படித் தொறந்து நான் பாத்ததே இல்ல!"

புருல் தேநீர்க் கிண்ணத்தை மேசையில் வைத்தாள்.

"நீ பத்துக்குப் போடலயா?"

"போன வாரந்தான் பெர்மெட்டுக்குக் காய்ச்சல்னு லீவு கேட்டேன். மறுபடி அந்த ஆள்கிட்ட கேக்கணுமா, எப்படியும் நீ சொன்ன நேரந்தான் சரியா இருக்கும்னு... இரு, எதோ சொல்லுது. இடம் இல்லன்னு சொல்லுது. அக்கா, இது தப்பாச் சொல்லுது. மதியம் எப்பவும் இடம் இருக்குமே!"

"தப்பாச் சொல்லல."

"பழைய மாதிரி ஒரு தடவ விழ வெச்சு எழுப்பேன்."

"நுர்ஜமால், ரொம்பிடுச்சுடி. பத்து பதினொண்ணுக்கே ரொம்பிடுச்சு."

 நுர்ஜமால் தணிந்த குரலில் சொன்னாள். "நீ இதுவரைக்கும் யாருக்கும் பண்ணலன்னு தெரியும். நானும் கேட்டதில்ல. இப்ப கேக்கறேன்."

புருல் அழைப்பை முடித்தாள். எர்மெக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"போடுங்கக்கா. ஒரு பேருதானே? நூத்தஞ்சு இருக்கற எடத்துல நூத்தாறு. எவன் எண்ணப் போறான்? கொஞ்சம் நகர்ந்து உக்காந்தா ஆச்சு."

பட்டியலைத் திறந்தாள். வேலைக்காக இல்லாமல் திறந்தது பதினொரு வருடத்தில் இதுதான் முதல்முறை. ஒரே ஒரு வரிதான் எழுத வேண்டும். எழுதவும் செய்தாள். பெர்மெட்டின் பெயர், பிறந்த தேதி, பள்ளியின் எண். அழுத்த வேண்டியது ஒரு விசை. விரல் அதன்மேல் போய் நின்றது. பட்டியலில் கடைசியாக இருந்த அம்மாவின் பெயரைப் படித்தாள், யாரோ. அந்தப் பெண் பத்து மணிக்கு அழுத்தியிருக்கிறாள். தளம் விழாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. விழும் என்றும் யாரும் சொல்லவில்லை. வாசலில் இரண்டு விநாடி நின்று உள்ளே வந்திருக்கிறாள்.

ஒருத்தர்தானே, ஒருத்தர்தானே என்றுதான் நூறு நானூறானது. புருலுக்கு அழுகை வரவில்லை, அசதியாக வந்தது. எழுதிய வரியை ஓர் எழுத்து ஓர் எழுத்தாக அழித்தாள்.

"என்னக்கா நீங்க!" எர்மெக்கின் குரல் உயர்ந்தது. "சொந்தத் தங்கச்சி பொண்ணு!"

"தெரியும்," என்றாள். "நீ போய் சாப்பிடு."

நுர்ஜமால் மூன்று வாரம் பேசவில்லை. ஒரே சமையலறையில் பேசாமல் இருப்பது சாமானிய வேலை இல்லை, இரண்டு பேரும் செய்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் பெர்மெட் முப்பத்தெட்டாவது. அது நகரவே இல்லை. கல்வி அலுவலகம் நன்றி தெரிவித்து அனுப்பிய தாளை எர்மெக் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான். புருலின் எண்ணைத் தளத்திலிருந்து எடுத்துவிட்டான். இனி அது தேவைப்படாது என்றான்.

பேச்சு திரும்பியது புருல் வாய் திறந்த பிறகுதான். "காலைல நான் கூட்டிட்டுப் போறேன். மத்தியானம் நானே கூட்டிட்டு வரேன். எனக்கு இப்ப வேல கொறஞ்சிடுச்சு." அது உண்மைதான். சர்வர் விழுவதில்லை, யாரும் கூப்பிடுவதில்லை. நுர்ஜமால் தலையை நிமிர்த்தாமல் "ஒனக்குத் தோள் வலிக்குமே" என்றாள். கோபம் தீரவில்லை என்பது அந்தக் குரலில் இருந்தது, அக்காவின் தோளும் இருந்தது.

செப்டம்பரில் ஊர்க்கோடிப் பள்ளி திறந்தது. காலை ஏழு மணிக்குப் புருலும் பெர்மெட்டும் முற்றத்தைக் கடந்து போவார்கள். பெர்மெட் தலையில் இரண்டு பெரிய வெள்ளை ரிப்பன் பூக்கள். எதிர்ப் பள்ளிக்கூடத்து வாசலில், மூன்றாவது மாடிக்காரியின் இளைய மகள் கையாட்டுவாள். அந்த மாடிக்காரி பத்து மணிக்கே அழுத்தியிருந்தாளாம். வாட்ஸாப் குழுவில் சுற்றிய 'புருல் சொன்ன நேரத்தை' அவள் நம்பவில்லையாம், புருல் மேல் இருந்த கோபத்தில்.

நிறுத்தத்தில் நிற்கும்போது ஒருநாள் பெர்மெட் கேட்டாள்.

"பெரியம்மா, ஒங்க மெஷின் அன்னைக்கு விழவே இல்லையா?"

"இல்லம்மா."

"கொஞ்ச நேரங்கூட?"

"கொஞ்ச நேரங்கூட இல்ல."

விழக்கூடாது, விழக்கூடாது என்று பதினொரு வருடம் வேண்டிக்கொண்டவள், அந்த ஒருநாள் மட்டும் பன்னிரண்டு வரை விழுந்து கிடந்திருக்கக் கூடாதா என்று அப்போது நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். ஆனாலும் மறுபடி நினைத்தாள்.

மார்ஷ்ருத்கா வந்தது. பதினைந்து பேர் உட்காரும் வண்டியில் ஏற்கெனவே முப்பது பேர் இருந்தார்கள். டிரைவர் கதவைத் திறந்து கையசைத்தார்.

"ஏறுங்கக்கா, ஏறுங்க! இடம் இருக்கு! உள்ள நகருங்கப்பா, கொழந்த நிக்குது, ஒருத்தர்தானே!"

புருல் பெர்மெட்டைத் தூக்கி உள்ளே விட்டு, தானும் ஒரு காலை வைத்து ஏறினாள். கதவு மூன்றாவது முறைதான் மூடிக்கொண்டது. வண்டி முக்கி முனகி நகர்ந்தது. யாருடைய முழங்கையோ அவள் வலது தோளில் இடித்துக்கொண்டே வந்தது, இடம் மாறி நிற்க வழியில்லை.